படியை யார் கழுவுவது?

மைக்கை எடுத்துரு தம்பி, எனக்கு வேண்டாம். ராஜபாளையத்துல நூல் மில்லுல மெஷின் சத்தத்துக்கு மேல கத்தியே வயசு போன ஆளு நான். மில்லை விட்டு வெளிய வந்த பொறவுதான் இந்த அபார்ட்மெண்ட் மேனேஜர் வேலைக்கு வந்தேன். இங்க சத்தமே கிடையாது. கதவைச் சாத்திட்டா அம்புட்டுதான். மில்லுச் சத்தம்கூடப் பழகிருச்சு, இந்த அமைதி பழக எனக்கு ரொம்ப நாளாச்சு.

மேனேஜர் வேலைக்குப் பயிற்சிக்கு வந்திருக்கிற உங்களுக்கு பம்பு, லிஃப்ட், ஜெனரேட்டரு எல்லாம் காலையிலேயே சொல்லிக் குடுத்திருப்பாங்க. அதுல நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. நான் பேச வந்தது வாசக்காலைப் பத்தி. நம்ம பொழப்பே அந்த வாசக்கால்லதான் ஓடுது. அதுக்கு உள்ள இருக்கிறது வீட்டுக்காரரோடது, வெளிய இருக்கிறது எல்லாருக்கும் பொது. கேக்க எம்புட்டு லேசா இருக்கு பாருங்க.

அப்ப கதவு யாருது? சிரிக்காதீங்க, எனக்கு வந்த முதல் சண்டையே அதுதான். ஒரு மனுசன் யாரோ வாஸ்து சொன்னாங்கன்னு தன் வீட்டுக் கதவுக்கு வெளிப்பக்கம் கிளிப்பச்சை பெயிண்ட் அடிச்சுட்டாரு. மத்த வீடெல்லாம் தேக்குக் கலரு. நான் போய், "சார், கதவோட உள்பக்கம் உங்களுது, வெளிப்பக்கம் வீட்டுக்காரங்க சங்கத்துக்குப் பொது"ன்னேன். "அப்ப ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற மரம் யாருதுய்யா?"ன்னு கேட்டாரு. கடைசியில வெளியில தேக்குக் கலரையே அடிச்சுட்டு, உள்பக்கம் முழுக்கக் கிளிப்பச்சையைப் பூசிக்கிட்டாரு. நான் படியேறும்போதெல்லாம் கதவை மல்லாக்கத் திறந்து வச்சுக்கிட்டு சேர் போட்டு உக்காந்திருப்பாரு, நான் பாக்கணுமாம்! நான் பாத்தேன், என்ன செய்ய.

அது சிரிப்போட போச்சு. சிரிப்போட போகாத ஒண்ணைச் சொல்றேன்.

ராஜபாளையத்துல நான் அப்ப மேனேஜரா இருந்தது மூணு மாடிக் கட்டடம். மூணாவது மாடியில ஒரு புருசன் பொஞ்சாதி இருந்தாங்க. அவரு பட்டாளத்துல ஹவில்தாரா இருந்து ரிட்டயரானவரு. பேரு சொல்லி யாரும் கூப்பிட மாட்டாங்க, மிலிட்டரிக்காரர்தான். சம்சாரம் பேரு சரோஜா. தெலுங்கு பேசுற வீட்டுப் பொண்ணு. இவரு கூமாப்பட்டிப் பக்கத்துத் தமிழ் ஆளு. வாலிபத்துல விரும்பிக் கட்டிக்கிட்டாங்க. அன்னைக்கு ரெண்டு வீட்டுக்காரங்களும் மூஞ்சியத் திருப்பினவங்க, திருப்பினது திருப்பினதுதான். பிள்ளைகளும் இல்ல. அந்தம்மாவுக்கு அவரு, அவருக்கு அந்தம்மா. கார் நிறுத்துற இடத்துல அவரு நின்னா மூணாவது மாடியில இருந்து "ஏமண்டி"ன்னு, நம்ம "என்னங்க" மாதிரி, ஒரு குரல் வரும். இந்த மனுசன் அட்டென்ஷன்ல நிமிந்து பாப்பாரு. பில்டிங்கே சிரிக்கும்.

இவங்களுக்கு நேர் கீழ, ரெண்டாவது மாடியில, முத்துலட்சுமின்னு ஒரு அம்மா. வீட்டுக்காரர் பேண்டேஜ் துணி யாவாரம். முத்துலட்சுமியம்மா வாயைத் திறந்தா எதிர்ல நிக்கிறவன் ரெண்டடி பின்னாடி போயிருவான், நான் உட்பட. அவங்க பாத்ரூம் மேல் தளத்துல ஒரு கசிவு. மேல இருந்து ஈரம் இறங்கி, சுவத்துல ஊறி, பெயிண்ட் பொரிஞ்சு உதிரும். "உங்க பாத்ரூம் தண்ணிதான, நீங்க சரி பண்ணுங்க"ன்னு இவங்க. "நடுவுல இருக்கிறது கான்கிரீட், அது பொது, சங்கம் செய்யட்டும்"னு சரோஜாம்மா. நான் ரெண்டு பேருக்கும் நடுவுல மேலயும் கீழயுமா ஏறி இறங்கினதுதான் மிச்சம். பொறவு பேச்சுவார்த்தையே நின்னு போச்சு. படியில ஒருத்தருக்கொருத்தர் எதிர்ல வந்தா ஒருத்தங்க சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிடுவாங்க.

அப்படி இருக்கையில ஒரு ஆடி மாசம் சரோஜாம்மா இறந்து போனாங்க. நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, வரும்போது உசுரு இல்ல.

ரெண்டு பக்கச் சொந்தத்துக்கும் தகவல் சொன்னோம். ஒருத்தரும் வரலை. ஆனா ஒண்ணு சொல்லணும், பில்டிங் ஆம்பளைக அன்னைக்கு மனுசனா நடந்துக்கிட்டாங்க. மாலை வாங்குறது, வண்டிக்குச் சொல்றது, தூக்குறது, எல்லாத்துக்கும் முன்னால நின்னாங்க. லிஃப்டுல கொண்டுபோக முடியாது, படி வழியாத்தான் இறக்கினோம். பொம்பளைக எல்லாம் அவிய அவிய வாசல்ல நின்னு கும்பிட்டாங்க, கண்ணத் தொடைச்சாங்க. முத்துலட்சுமியம்மா மட்டும் கதவைப் பாதி திறந்து உள்ள நின்னாங்க. வண்டி ஏறினதும் எல்லா ஆம்பளைகளும் மிலிட்டரிக்காரரோட சுடுகாட்டுக்குப் போய்ட்டாங்க. கட்டடத்தைப் பாத்துக்க நான் இருந்துட்டேன்.

செத்த நேரம் கழிச்சு மேல போனேன். அப்பதான் பாத்தேன். நம்ம பக்கம் தெருவுல பிரேதம் போச்சுன்னா, போன பொறவு அவங்கவங்க வாசல்ல தண்ணி தெளிப்போம் இல்லியா? அதையே இங்கயும் செஞ்சிருந்தாங்க. ஒவ்வொரு மாடியிலயும் ஒவ்வொரு கதவு முன்னாலயும் தண்ணி. ஆனா அவங்கவங்க வாசல் அளவுக்கு மட்டும். ஸ்கேல் வச்சு அளந்த மாதிரி கட்டம் கட்டமா ஈரம். படி காஞ்சு கிடக்கு. மூணாவது மாடியில இருந்து கீழ வரைக்கும் பூவும் பொரியும் மிதிபட்டுக் கிடக்கு.

யாரையும் குத்தம் சொல்ல முடியாது பாருங்க. "அவரவர் வாசலை அவரவர் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும்"னு மாடிக்கு மாடி போர்டு மாட்டினதே நான்தான்!

பிரேதம் போன வீட்டை யாரு கழுவணும்? அந்த வீட்டுப் பொம்பளைக. கழுவிட்டு ஒரு விளக்கை ஏத்தி வைப்பாங்க. சுடுகாட்டுக்குப் போனவங்க திரும்பி வந்து அந்த விளக்கைப் பாத்துட்டுத்தான் கலைவாங்க. இங்க பொம்பளையே அந்தம்மா ஒருத்திதான். அவங்களைத்தான் அனுப்பிட்டோம். இந்த மனுசன் திரும்பி வந்து, பொஞ்சாதி மேல விழுந்த பூவை மிதிச்சுக்கிட்டு மூணு மாடி ஏறி, இருட்டு வீட்டுக்குள்ள போகணுமா?

சரி, விளக்கையாவது ஏத்துவோம்னு வீட்டுப் பக்கம் போனா கதவு பூட்டியிருக்கு. தானா பூட்டிக்கிற பூட்டு. கூட்டத்துல யாரோ பழக்கதோஷத்துல இழுத்துச் சாத்திட்டுப் போயிருக்காங்க. சாவி அவரு சட்டைப் பையில, சட்டை வீட்டுக்குள்ள. அவரு வேட்டியோட போயிருக்காரு. எப்படி இருக்கும் எனக்கு? வெளிய படியைக் கழுவ ஆளில்ல, உள்ள போய் விளக்கேத்த வழியில்ல.

சங்கத்துச் செகரட்டரிக்குப் போன் போட்டேன். அவரும் சுடுகாட்டுலதான் இருந்தாரு. குரலைத் தாழ்த்தி, "படி காமன் ஏரியாதானய்யா? வேலைக்கு வர்ற பேச்சியம்மாவை விட்டுக் கழுவச் சொல்லு. இதுக்கெல்லாமா போன் பண்ணுவ?"ன்னாரு. சட்டப்படி அவரு சொன்னது ரொம்பச் சரி.

பேச்சியம்மாவும் வாளியோட தயாரா வந்துருச்சு. "கழுவிரட்டுமா அண்ணாச்சி?"ன்னு கேட்டுச்சு. எனக்கு மனசு ஒப்பலை. கூலிக்கு ஆள் விட்டு அந்தப் படியைக் கழுவினா என்ன அர்த்தம்? இந்த வீட்டுக்கு நாதியில்லைன்னு ஊருக்கே சொல்ற மாதிரி. நான் கழுவினாலும் அதே கதைதான், நானும் சம்பளத்துக்கு நிக்கிற ஆளுதான? "இன்னைக்கு நீ தொடாத தாயி, நாளைக்குப் பாத்துக்கலாம்"னு சொல்லிட்டேன்.

சொல்லிட்டேனே ஒழிய, அடுத்து என்ன செய்யன்னு தெரியலை. முதல் மாடியில ஒரு வீட்டுல பெல் அடிச்சேன். அந்தப் பொண்ணு கதவைத் திறந்து, "நாங்க தெளிச்சாச்சே அண்ணாச்சி"ன்னு வாசலைக் காமிச்சுச்சு. படியைப் பத்திச் சொன்னேன். முகம் மாறிருச்சு. "அடுத்த வீட்டுத் தீட்டை நாம எடுத்துக்கலாமா? ஊர்ல எங்க அத்தைக்குத் தெரிஞ்சா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாங்க"ன்னுச்சு. அந்தப் பிள்ளை பயந்தது நெசம். அடுத்த வீட்டுல, "படி பொதுதான? எல்லாரும் வந்தா நானும் வாரேன்"னாங்க. எதிர் வீட்டுலயும் அதேதான். எல்லாரும் வந்தா எல்லாரும் வருவாங்க. முதல்ல வர ஆளு எங்க?

மறுபடியும் மேல ஏறினேன். முத்துலட்சுமியம்மா வீட்டு பெல்லை மட்டும் நான் அடிக்கலை. எந்த மூஞ்சியோட அடிக்க? அவங்களே கதவைத் திறந்தாங்க.

"என்ன அண்ணாச்சி, காலைல இருந்து ஏறுதீங்க, இறங்குதீங்க. என்னத்தைத் தேடுதீங்க?"

"ஆளைத் தேடுறேம்மா."

"எதுக்கு?"

சொன்னேன். படி, பூட்டு, விளக்கு எல்லாத்தையும் சொன்னேன். கதவைத் தாண்டி வெளிய வந்து படியை எட்டிப் பாத்தாங்க.

"அவருக்குன்னு ஒருத்தருமா வரலை?"

"வரலைம்மா."

"அவ பக்கமும்?"

"ம்ஹூம்."

அவ்வளவுதான். "நல்லா இருக்குய்யா உங்க மேனேஜர் உத்தியோகம்! இதை என்கிட்ட வந்து சொல்ல இம்புட்டு நேரமா? போய் மோட்டாரைப் போடும்"னு ஒரு சத்தம். சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு, ரெண்டு வாளியோட மூணாவது மாடிக்கு ஏறிட்டாங்க. நான் வாளியத் தூக்கப் போனேன். "தள்ளி நில்லும்"னாங்க. நின்னுட்டேன்.

சரோஜாம்மா வீட்டு வாசல்ல இருந்து முதல் வாளியைக் கவுத்தாங்க. எனக்கு வாய் சும்மா இருக்கலை. "ஏம்மா, உங்களுக்கும் அவங்களுக்கும்தான்..."ன்னு இழுத்தேன்.

திரும்பிப் பாக்காமலே சொன்னாங்க. "அவ வீட்டுத் தண்ணி எம்புட்டு நாளா எங்க வீட்டுக்குள்ள இறங்குச்சு. இன்னைக்கு எங்க வீட்டுத் தண்ணி அவ வாசல்ல இருந்து இறங்கட்டும்." சொல்லிட்டு விளக்குமாத்தைப் போட்டுத் தேய்க்க ஆரம்பிச்சுட்டாங்க. அழுதாங்களா என்னன்னு எனக்குத் தெரியாது, முதுகுதான் தெரிஞ்சுச்சு.

தண்ணிக்கு நம்ம போர்டு தெரியுமா? படி படியா இறங்கி முதல் மாடிக்கு வந்து, அந்தப் பயந்த பொண்ணு வாசலுக்குள்ள பூவும் பொரியுமா புகுந்துருச்சு. அது பதறி விளக்குமாத்தோட ஓடியாந்துச்சு. தன் வாசல்ல இருந்து தள்ளினா அடுத்த படியில நிக்கும், அங்க இருந்து தள்ளினா அதுக்கடுத்த படியில. தள்ளித் தள்ளி அதுவும் கழுவிக்கிட்டே கீழ போயிருச்சு. "எல்லாரும் வந்தா வாரேன்"னவங்களும் வந்தாங்க, வராம என்ன செய்வாங்க, தண்ணி வாசலுக்கு வந்துருச்சே! விளக்குமாத்துச் சத்தம் மட்டும்தான். அந்தக் கட்டடத்துல எல்லாக் கதவும் ஒண்ணாத் திறந்து கிடந்ததை அன்னைக்குத்தான் பாத்தேன்.

முத்துலட்சுமியம்மா அவங்க வீட்டுல இருந்து ஒரு அகல் கொண்டுவந்தாங்க. பூட்டின கதவுக்கு முன்னால வைக்கக் குனிஞ்சவங்க நிமிந்து என்னையப் பாத்தாங்க. தலைக்கு மேல நம்ம போர்டு: "நடைபாதையில் எந்தப் பொருளும் வைக்கக் கூடாது." சரோஜாம்மா ஒரு துளசித் தொட்டி வச்சதுக்கே நான் சண்டை போட்டு எடுக்க வச்சிருக்கேன்.

"வைக்கலாமா அண்ணாச்சி?"

"வைம்மா. போர்டைப் பாக்காத."

ஏத்தி வச்சதும் காத்து. ஆடி மாசம் மலைக் காத்து ராஜபாளையத்துல எப்படி அடிக்கும்னு உங்களுக்குத் தெரியும். சுடர் படுத்துப் படுத்து எந்திரிச்சுச்சு. "நீங்க இங்கனயே மறைச்சு நில்லுங்க. அவரு வர்ற வரைக்கும் அணையக் கூடாது"ன்னு என்னைய நிறுத்திட்டு, தலைக்குக் குளிக்கப் போய்ட்டாங்க. மத்தவங்களும் குளிக்கப் போய்ட்டாங்க. ஒவ்வொரு கதவா சாத்துற சத்தம் கேட்டுச்சு.

நானும் அந்த விளக்கும்தான். அப்ப உள்ள போன் அடிச்சுச்சு. சரோஜாம்மா போன். அடிச்சு, நின்னு, மறுபடியும் அடிச்சுச்சு. கதவுக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டுற தூரத்துல. யாரு கூப்பிட்டாங்களோ. தகவல் கேட்டு மனசு கேக்காம அவங்க அண்ணன் தம்பி யாராச்சும் கூப்பிட்டிருக்கலாம். இல்ல, சிலிண்டர் கொண்டுவர்ற ஆளாவும் இருக்கலாம். எடுக்க ஆளில்ல. மூணாந்தடவை அடிச்சப்ப நான் கதவுல கை வச்சு நின்னேன்.

வண்டி வந்துச்சு. மிலிட்டரிக்காரர் ஈர வேட்டியோட முன்னால ஏறினாரு, பின்னால எல்லாரும். முதல் படியில காலை வச்சதும் குனிஞ்சு பாத்தாரு. படி ஈரமா, சுத்தமா இருக்கு. ஏறி வந்தாரு. நான் விலகினேன். விளக்கைப் பாத்தாரு.

"யாரு கழுவினா?"ன்னு கேட்டாரு.

எனக்குச் செகரட்டரி சொன்ன பதிலும் தெரியும், சட்டமும் தெரியும். "உங்க ஆளுகதான்"னேன்.

மனுசன் அப்பதான் உடைஞ்சாரு. அதுவரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல.

கதவு பூட்டியிருக்குன்னு சொன்னேன். பூட்டு திறக்கிற ஆளு செட்டியார்பட்டியில இருந்து வரணும். அதுவரைக்கும் அவரு அந்த ஈரப்படியிலேயே உக்காந்துட்டாரு. விளக்குப் பாத்தவங்க கலையணும், ஆனா யாருக்கும் அவரைத் தாண்டிப் போக மனசு வரலை. மேல் படியில, கீழ் படியில அங்கங்க உக்காந்துட்டாங்க. முத்துலட்சுமியம்மா காப்பி கொண்டாந்து அவரு பக்கத்துல வச்சுட்டு, சுவரோரமா நின்னாங்க. தனியா உள்ள போறதுக்கு முன்னால அவருக்கு அந்தச் செத்த நேரம் கிடைச்சுச்சு. அந்தப் பூட்டு செஞ்ச ஒரே நல்ல காரியம் அதுதான்.

ஆளு வந்து திறந்தான். அவரு எந்திரிச்சு, எல்லாரையும் பாத்துக் கும்பிட்டு, உள்ள போனாரு. கதவைச் சாத்தினாரு. டக்குன்னு பூட்டு விழுந்துச்சு. நாங்க இத்தனை பேரு வெளிய நிக்கோம், அதுக்கு மேல எங்களால போக முடியலை. வாசக்கால்னா என்னன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுச்சு தம்பிகளா.

பதினாறு முடிஞ்சதும் என்கிட்ட வந்தாரு. "அந்தக் கசிவு யாரு பொறுப்புன்னு இனிமே பேச வேண்டாம். நாளைக்கே ஆளை வரச் சொல்லுங்க, நான் வீட்டைத் திறந்து விடுறேன்"னாரு. கசிவு நின்னுச்சு. அதுக்கப்புறம் அவரு கார் நிறுத்துற இடத்துல நின்னா சில சமயம் தானா மேல நிமிந்து பாப்பாரு. யாரும் சிரிக்கிறதில்ல.

உங்க புத்தகத்துல பொது, தனின்னு ரெண்டு இருக்கு. படிங்க, மனப்பாடம் பண்ணுங்க, அது இல்லாம நாள் ஓடாது. ஆனா பொதுன்னு எழுதிட்டா அதைப் பாத்துக்க ஆளு வந்துரும்னு நினைச்சிராதீங்க. எல்லாருக்கும் சொந்தம்னு சொன்ன படியில அன்னைக்கு முதல்ல நிக்க ஒரு ஆளு இல்ல. அந்த முதல் ஆளைத் தேடிப் பிடிக்கிறதுதான் உங்க வேலை. கூச்சப்படாம பெல் அடிங்க, சண்டைக்காரங்க வீட்டுல முதல்ல அடிங்க.

இப்ப நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு அபார்ட்மெண்ட்ல இருக்கேன். மேனேஜரா இல்ல, வீட்டுக்காரனா. சம்சாரம் போய்ச் சேந்துட்டா, மகன் வெளிநாட்டுல. எனக்கும் தானா பூட்டிக்கிற பூட்டுதான். எதிர் வீட்டுல சின்ன வயசுப் புருசன் பொஞ்சாதி, ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, நல்ல மாதிரி. விடிஞ்சதும் அந்தப் பொண்ணு வாசல் தெளிக்கிற சத்தம் கேக்கும். நான் எந்திரிச்சு கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேன். அப்புறம் திறந்து பாத்தா ரெண்டு வாசலுக்கும் நடுவுல அவங்க பாதி ஈரமா, கோலத்தோட இருக்கும். என் பாதி காஞ்சு கிடக்கும். அந்தப் பிள்ளை மேல தப்பில்ல, அங்கயும் ஒரு போர்டு இருக்கு.

இன்னைக்குக் காலைல, இங்க வரக் கிளம்புறதுக்கு முன்னால, நானே ஒரு வாளி எடுத்துட்டுப் போய்த் தெளிச்சேன். என் பாதியில ஆரம்பிச்சு அவங்க பாதி வரைக்கும். அந்தப் பொண்ணு கதவைத் திறந்து, "என்ன சார், எங்க பக்கமும் தெளிச்சுட்டீங்க?"ன்னுச்சு.

"கை தவறிருச்சும்மா"ன்னேன்.

"பரவால்ல சார்"னு சிரிச்சுட்டுக் கதவைச் சாத்திக்கிட்டுச்சு. டக்குன்னு பூட்டு விழுந்துச்சு.

நாளைக்கும் என் கை தவறும்.